நிசிரோஸ் தீவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

நிசிரோஸில் விமான நிலையம் கிடையாது. கூட்டம் சேராமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கிரீஸின் தென்கிழக்கு மூலையில், கோஸ், டிலோஸ் என்கிற இரண்டு தீவுகளுக்கு நடுவில், ஏறக்குறைய வட்டமாக 41 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிற இந்தத் தீவில் ஆண்டு முழுக்க வசிப்பவர்கள் ஆயிரம் பேர் சொச்சம்தான். ஊர்கள் நாலு. துறைமுகமான மண்ட்ராக்கி, மீனவ ஊரான பாலி (இந்தோனேசியாவில் இருப்பது வேறு, அறை தேடும்போது குழம்பாதீர்கள்), மலைமேல் எம்போரியோஸ், நிக்கியா. நடுவில் எரிமலை இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சரியாகச் சொன்னால் தீவே எரிமலைதான், கடலுக்கு மேலே தெரிகிற பகுதியில் இந்த நாலு ஊர்க்காரர்களும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

அங்கே போவதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கோஸில் அறை போட்டுவிட்டு, ஒரு நாள் போய் எரிமலையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்பவர்கள் ஒரு வகை. அமைதியான தீவு வேண்டும், ஆனால் மூன்று நாலு நாள் உட்கார்ந்தால் போரடிக்குமோ என்று தயங்குபவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். இரண்டு இரவு தங்குங்கள், எரிமலை வாய்க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள், மீதியைப் பழைய கோட்டைக்கும் மலை ஊர்களுக்கும் கொடுங்கள், கடற்கரைதான் வேண்டும் என்றால் வேறு தீவுக்குப் போங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஒரு நாள் பயணம். கோடையில் கோஸின் தெற்குக் கரையில் இருக்கும் கர்தமேனாவிலிருந்தும் கோஸ் நகரத்திலிருந்தும் காலையில் சுற்றுலாப் படகுகள் கிளம்பும். கர்தமேனாவில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள்தான். மண்ட்ராக்கிக் கரையில் பஸ்கள் வரிசையாக நிற்கும், படகில் வந்த கூட்டம் அப்படியே பஸ்ஸில் ஏறி நேராக எரிமலை வாய்க்குப் போகும், அங்கே ஒரு முக்கால் மணி நேரம், அப்புறம் திரும்பி வந்து கரையோரச் சாப்பாடு, இரண்டு மூன்று கடை, தெம்பிருந்தால் ஊருக்கு மேலே இருக்கிற மடத்துக்கு ஏறும் படிகள், பிற்பகலில் மறுபடி படகு. சின்னப் பிள்ளைகளோடு கோஸில் ஒரு வாரம் இருப்பவர்களுக்கு இது போதும், தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில், அதுவும் நண்பகலை ஒட்டி, ஒரு மரநிழல்கூட இல்லாத பள்ளத்துக்குள் இறங்குகிறார்கள் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் மேலேயும் சூடு, காலுக்குக் கீழேயும் சூடு. போனவர்கள் பலர் திரும்பி வந்து "நாற்றம்தான் ஞாபகம் இருக்கிறது" என்பதற்குத் தீவு பொறுப்பில்லை, கடிகாரம்தான் பொறுப்பு.

தங்கினால் என்ன கிடைக்கும்? எரிமலை வாயை முதல் பஸ் கூட்டத்துக்கு முன்னாலோ கடைசிப் படகு போன பின்னாலோ பார்க்கலாம், அது ஒன்று. இன்னொன்று, மண்ட்ராக்கியின் உள்தெருக்கள். கரையோரம் முழுக்க வந்துபோகிறவர்களுக்கானது, ஊர் உள்ளே இருக்கிறது. வீடுகள் நெருக்கமாக, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், நடுவில் இலிகியோமெனி என்கிற சதுக்கம், பெரிய ஃபைக்கஸ் மரங்கள், அவற்றின் அடியில் மேசை நாற்காலிகள். கோடை இரவில் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து விடுவார்கள், பிள்ளைகள் பதினொரு மணிக்கும் மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் அதட்டுவதில்லை. இதை ஒரு நாள் பயணத்தில் எந்த டிக்கெட் வாங்கினாலும் பார்க்க முடியாது. தங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: சுற்றுலாப் படகுகள் காலையில் வந்து மாலையில் போகின்றன, ஊர்க்காரர்களின் படகு அதற்கு நேர் எதிர், காலையில் நிசிரோஸிலிருந்து கோஸுக்குப் போய்ப் பிற்பகலில் திரும்பும். விமானத்தில் கோஸுக்கு மதியம் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் வசதி.

இனி அந்த எரிமலை வாய். ஸ்டெஃபனோஸ் என்று பெயர். லக்கி என்கிற நடுச் சமவெளியில், கிட்டத்தட்ட 330 மீட்டர் நீளம், 260 மீட்டர் அகலம், 27 மீட்டர் ஆழத்தில் ஒரு நீள்வட்டப் பள்ளம். வளைந்து இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது, தரைவரைக்கும் போகலாம். செந்நிற லாவாவை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், இங்கே லாவா கிடையாது. நிலத்தடி நீர் கீழே இருக்கிற சூட்டில் கொதித்து, ஆவியின் அழுத்தம் தாங்காமல் மேல்மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெடித்ததில் உண்டான பள்ளம் இது. அதே மாதிரியான வெடிப்புகள் 1870களிலும் 1880களின் இறுதியிலும் நடந்து, பக்கத்தில் சின்னச் சின்ன வாய்கள் உண்டாகியிருக்கின்றன. ஆக, செத்துப்போன எரிமலை இல்லை இது, தூங்குகிறது. 1990களின் நடுவில் தொடர்ந்து நிலம் அதிர்ந்து மண்ட்ராக்கியில் வீடுகள் விரிசல் விட்டன. 2001 கடைசியில் லக்கி சமவெளியில் சில நூறு மீட்டர் நீளத்துக்கு மண் பிளந்தது.

உள்ளே இறங்கியதும் முதலில் காது கவனிக்கும், ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், எந்தப் பக்கம் திரும்பினாலும். ஆவி வருகிற துளைகள் விரல் நுழையும் அளவிலிருந்து முஷ்டி அளவு வரை, ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் கந்தகம் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு ஊசியும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து, நடுவில் ஈரம் சொட்டிக்கொண்டு. தொட்டால் உதிர்ந்துவிடும், தொடாதீர்கள், ஆவியின் சூடு ஏறக்குறைய 100 டிகிரி. செருப்பு போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். சேறு கொதிக்கிற பகுதியில் மேல்மண் மெல்லிய ஓடு மாதிரி இருக்கும், தடுப்பு இருக்கிறதோ இல்லையோ அதை மிதிக்காமல் விலகி நடங்கள். வெள்ளிக் கொலுசு, மோதிரம் போட்டிருந்தால் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், கந்தக ஆவியில் கறுத்துப்போகும்.

பக்கத்திலேயே மேட்டில் பொலிவோடிஸ் என்று இன்னொரு வாய். கொஞ்சம் ஏறி நடக்க வேண்டும் என்பதால் பஸ் கூட்டம் அங்கே வருவதில்லை. பெயருக்குப் பின்னால் கதை உண்டு: பொலிவோடிஸ் என்கிற அரக்கனைக் கடல் கடவுள் பொசைடன் துரத்திக்கொண்டு வந்தானாம், கோஸ் தீவில் ஒரு துண்டைத் திரிசூலத்தால் பெயர்த்து அவன்மேல் எறிந்தானாம், அந்தத் துண்டுதான் நிசிரோஸ், கீழே மாட்டிக்கொண்ட அரக்கனின் முனகல்தான் நிலநடுக்கம். வாயின் ஓரத்தில் நின்று பார்த்தாலே போதும், இங்கே இறங்க வேண்டாம்.

எரிமலை வாய்க்குப் போகிற வழி மூன்று. பஸ், வாடகை ஸ்கூட்டர் அல்லது கார், நடை. மண்ட்ராக்கியிலிருந்து சாலை வழியாக 13 கிலோமீட்டர் போல வரும். பஸ்ஸில் செலவு குறைவு, ஆனால் அதன் நேரம் படகுக் கூட்டத்தை ஒட்டி அமைந்திருக்கும், அதாவது நீங்கள் தவிர்க்க நினைக்கிற அதே நேரம். ஸ்கூட்டர் இருந்தால் காலை எட்டு மணிக்கே போய்விடலாம், சாலை நல்ல சாலை, எதிரே வருவது பெரும்பாலும் ஆடுதான். ஆனால் நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் கேட்பார்கள், கிளம்புவதற்கு முன்னாலேயே ஊரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத்தான் நான் முதலில் சொல்வேன்: நிக்கியா வரைக்கும் பஸ், அங்கிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் இறங்கி எரிமலை வாய். முக்கால் மணி நேர இறக்கம். பாதை திரும்பத் திரும்ப ஸ்டெஃபனோஸ் ஒவ்வொரு கோணத்தில் தெரியும், மேலே நிற்கும்போது சின்னக் குழி, இறங்க இறங்கத்தான் அதன் அளவு புரியும், உள்ளே எறும்பு அளவில் நகர்வது மனிதர்கள் என்று பாதி வழியில்தான் கண்ணுக்குப் படும். பஸ்ஸில் நேராக வந்து விளிம்பில் இறங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது. கீழேயிருந்து திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள், இல்லையென்றால் அதே பாதையில் வெயிலில் ஏற வேண்டிவரும்.

மலை ஊர்களில் எது? இரண்டுக்கும் நேரம் இருந்தால் இரண்டும். ஒன்றுதான் என்றால், பஸ்ஸை நம்பி வருகிறவர்களுக்கு நிக்கியா, வண்டி வைத்திருப்பவர்களுக்கு எம்போரியோஸ்.

நிக்கியா எரிமலை விளிம்பின்மேல் உட்கார்ந்திருக்கிற வெள்ளை ஊர். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் கடலும் டிலோஸும், இன்னொரு பக்கம் லக்கியும் ஸ்டெஃபனோஸும். போர்த்தா என்று ஒரு சதுக்கம், சதுரம் என்று சொல்ல முடியாது, ஒழுங்கில்லாத வட்டம், தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் பதித்த கோலம், ஓரத்தில் தேவாலயம், இன்னொரு ஓரத்தில் காப்பிக் கடை. கிரேக்கக் காப்பி ஒன்று வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது, சின்னதுதான், ஆனால் கீழே இறங்குவதற்கு முன்னால் பார்த்தால் பள்ளத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இறங்கி ஏறி வந்து பார்த்தால் அலுப்பில் ஒன்றும் ஏறாது. 

எம்போரியோஸ் வேறு மாதிரி. 1933 நிலநடுக்கத்தில் அடிபட்டு, அதன்பின் ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே பாலிக்கு இறங்கிவிட, பாதி ஊர் இடிந்து கிடந்தது. இப்போது சிலர் பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிடுகிறார்கள், ஆனால் இன்னும் கூரையில்லாத வீடுகள் நிறைய, சுவருக்குள் அத்திமரம் வளர்ந்து ஜன்னல் வழியாகக் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குள் நுழைகிற இடத்தில் பாறையில் ஒரு குகை, உள்ளே குனிந்து போனால் எரிமலையின் ஈரச்சூடு முகத்தில் அடிக்கும், இயற்கையாக அமைந்த நீராவிக் குளியல் அறை, கட்டணம் ஒன்றும் கிடையாது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் யாராலும் உள்ளே இருக்க முடிந்து நான் பார்க்கவில்லை. சாப்பிட எம்போரியோஸ்தான் நல்ல இடம், லக்கியைப் பார்த்தபடி உட்காரும் மாடம் வைத்த உணவகம் இருக்கிறது, சாயங்காலம் போய் வெளிச்சம் இருக்கும்போதே மேசை பிடித்துவிட வேண்டும். இரவில் திரும்ப பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது, அதனால்தான் வண்டி உள்ளவர்களுக்கு என்று சொன்னேன்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் பித்யா கேளுங்கள், கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கிற பண்டம், நம் மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம், எல்லா உணவகத்திலும் இருக்கும். கேப்பர் என்கிற செடியின் மொட்டையும் இலையையும் ஊறுகாயாகப் போட்டு சாலட்டில் சேர்ப்பார்கள், செடி இங்கே சுவர் இடுக்கில் எல்லாம் தானாக முளைத்துக் கிடக்கிறது. அசைவக்காரர்களுக்கு புகூன்யெஸ் என்று பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வேகவைத்தது. குடிக்க சுமாதா, பாதாமில் செய்த வெள்ளைச் சர்பத், குளிர்ந்த நீர் கலந்து தருவார்கள். இனிப்பு தூக்கலாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

அடுத்தது மண்ட்ராக்கிக்கு மேலே இருக்கிற இரண்டு இடங்கள், ஸ்பிலியானி மடமும் பாலியோகாஸ்ட்ரோ என்கிற பழைய கோட்டையும். முதலாவதுக்கு எல்லாரும் போகிறார்கள், இரண்டாவதுக்கு ஏறக்குறைய யாரும் போவதில்லை. இங்கேதான் என் பட்டியல் மற்றவர்களின் பட்டியலிலிருந்து பிரிகிறது.

ஸ்பிலியானி, புனித யோவான் வீரர்கள் என்கிற கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகள் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டைக்குள், பாறைக் குகையில் அமைந்த மாதா கோயில். ஊரிலிருந்து படி ஏறினால் போதும், உள்ளே செதுக்கு வேலை செய்த மரத்திரை, வெள்ளிக் கவசம் போட்ட படம், வெளியே வந்தால் ஊர்க் கூரைகளும் கடலும். நன்றாக இருக்கிறது, போய் வாருங்கள், அரை மணி நேரம். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போக வேண்டும்.

பாலியோகாஸ்ட்ரோவுக்கு ஊரின் பின்பக்கமாக ஏறி இருபது இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும், பாதாம் மரமும் கற்சுவருமாக இருக்கிற பாதை. சட்டென்று திருப்பத்தில் கறுப்பு மதில் எதிரே நிற்கும். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் கட்டியது. எரிமலைக் கல்லையே வெட்டி, சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள், சில கற்கள் ஒரு ஆள் உயரம் நீளம், மூட்டுகளில் இன்றைக்கும் கத்திமுனை நுழையாது. மதிலின் கனம் மூன்று மீட்டருக்கு மேல். வாசல் அப்படியே முழுசாக நிற்கிறது, உள்பக்கமாகப் படி இருக்கிறது, ஏறி மதில்மேல் நடக்கலாம், கைப்பிடிச் சுவர் கிடையாது, பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, வாசலில் காவலாளியும் இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில் மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, தேடிப் பாருங்கள். மதிலிலிருந்து ஐந்து அடி தூரம் பொது இடம் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. அரசன் பெயர், வெற்றி, கடவுள் துதி எதுவும் கிடையாது, புறம்போக்கில் எவனும் வீடு கட்டாதே என்கிற அறிவிப்பு. ஆக்கிரமிப்பு அப்போதும் நடந்திருக்க வேண்டும், நடக்காமலா கல்லில் வெட்டுவார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு ஊராட்சித் தகராறை இவ்வளவு பக்கத்தில் விரலால் தடவிப் பார்க்க இன்னொரு இடம் சுலபமாகக் கிடைக்காது. ஏதென்ஸில் அக்ரோபோலிஸைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நேரம் குறைவு, எரிமலை வாய் அல்லது பாலியோகாஸ்ட்ரோ, ஒன்றுதான் முடியும் என்றால்? முதல்முறை வருகிறவர்களிடம் எரிமலையை விடச் சொல்ல மனம் வராது. ஆனால் மடமா கோட்டையா என்றால் யோசிக்கவே வேண்டாம், கோட்டைதான்.

கடற்கரை விஷயத்தில் நிசிரோஸ் பலவீனமான தீவு. மண்ட்ராக்கிக்கு மறுபக்கம், மடத்துப் பாறையைச் சுற்றிப் போனால் ஹொக்லாக்கி, முழுக்கக் கறுப்பு உருண்டைக் கற்கள். உட்கார்ந்து அலை பார்க்க நன்றாக இருக்கும், ஒவ்வொரு அலையும் திரும்பும்போது கற்கள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் காற்று நாளில் நீந்த இறங்காதீர்கள். பாலிக்குப் போகிற வழியில் வெள்ளைக் கடற்கரை ஒன்று, எரிமலை நுரைக்கல் பொடிந்து வந்த வெண்மை. நல்ல கடற்கரை என்று சொல்லத்தக்கது கிழக்கே சாலை முடிகிற லீஸும், அங்கிருந்து பாறை ஓரமாக இருபது நிமிடம் நடந்தால் வரும் பக்கியா அம்மோஸும்தான். கருஞ்சிவப்பு மணல், அகலமான கரை, கோடையில் சிலர் கூடாரம் அடித்துத் தங்கியிருப்பார்கள், ஆடையில்லாமல் குளிக்கிறவர்களும் உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்.

இதற்கு மாற்று, மண்ட்ராக்கிக்குப் பக்கத்தில் லூத்ரா. 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கடலோரம், எரிமலைச் சூட்டில் வருகிற வெந்நீர் ஊற்றுத் தண்ணீர், தனித்தனி அறையில் பழைய தொட்டி. ஆடம்பர ஸ்பா என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் ஆஸ்பத்திரி வாசனையுமாக இருக்கும். மூட்டுவலிக்காக வந்து உட்கார்ந்திருக்கும் கிரேக்கப் பாட்டிகள் உங்கள் குடும்ப விவரம் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், மொழி ஒரு தடையே இல்லை. மலைநடை முடிந்த மாலையில் கடற்கரையைவிட இது மேல். பருவம் தவறிப் போனால் பூட்டியிருக்கும், ஊரில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு இன்னொன்று, ப்ரொஃபிடிஸ் இலியாஸ், 698 மீட்டர், தீவின் உச்சி. எவாங்கலிஸ்ட்ரியா மடம் வரை சாலை, அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஏற்றம். மேலே போனால் வடக்கே கோஸுக்கு முன்னால் ஒரு தீவு வெள்ளையாகச் சுரண்டப்பட்டுத் தெரியும், அது கியாலி, நுரைக்கல் சுரங்கம். அந்தச் சுரங்க வருமானத்தில் நிசிரோஸ் நகராட்சிக்கும் பங்கு வருகிறது, இவ்வளவு சின்னத் தீவு சுற்றுலாவை நம்பி ஹோட்டலாகக் கட்டித் தள்ளாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் ஊர்க்காரர்களின் பிடிவாதம். 1980களில் கிரேக்க மின்வாரியம் லக்கியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளை போட்டு, பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்த்தது. ஊர் எதிர்த்து நின்றது, திட்டம் நின்றுபோனது. கோடையில் இந்த ஏற்றத்தைக் காலை ஏழு மணிக்கு முன் தொடங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஏப்ரல் மே மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் ஏறலாம்.

எங்கே தங்குவது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மண்ட்ராக்கி. பாலி அழகான சின்னத் துறைதான், மீனும் நன்றாக இருக்கும், பாய்மரப் படகில் வருகிறவர்கள் அங்கேதான் நிறுத்துவார்கள், ஆனால் வண்டி இல்லாமல் அங்கே தங்கினால் எல்லாவற்றுக்கும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க வேண்டும். ஒரு மதியம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும்.

எப்போது போவது என்பதில்தான் உண்மையான குழப்பம். மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் மூன்றும் நடப்பதற்கு ஏற்ற காலம். ஏப்ரல் முடியும்வரை தீவு பச்சையாக இருக்கும், சுற்றுவட்டாரத்துத் தீவுகளைவிட இங்கே மரம் அதிகம். ஆனால் ஆகஸ்ட் 15 என்று ஒன்று இருக்கிறது. மாதாவின் திருநாள். அதற்கு முந்தின ஒன்பது நாள், நேர்ந்துகொண்ட பெண்கள் கறுப்பு உடுத்தி, ஸ்பிலியானி மடத்திலேயே தங்கி, நோன்பிருந்து, தரையில் விழுந்து விழுந்து கும்பிடுவார்கள். திருநாளன்று படத்தை ஊர்வலமாக எடுத்து வருவார்கள், ஊருக்கே சாப்பாடு, அப்புறம் கூப்பா என்கிற ஆட்டம், முதலில் ஆடுகிற பெண் கையில் கோப்பை, ஆட வருகிறவர்கள் அதில் பணம் போட வேண்டும். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நிசிரோஸ் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்கும் நேரம் அது. அமைதிக்காக வருகிறவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊர்த் திருவிழா பிடிக்கும், கூட்டம் பழகியவர்கள் என்றால் அப்போதே போங்கள், ஆனால் அறையை வசந்த காலத்திலேயே பிடித்துவிட வேண்டும்.

ஜூலை ஆகஸ்டில் இன்னொரு தொல்லை மெல்தெமி, வடக்கிலிருந்து வீசும் கோடைக்காற்று. ஒரு நாள் இரண்டு நாள் பலமாக அடித்தால் சின்னப் படகுகள் நின்றுவிடும், பெரிய கப்பல் வரும், ஆனால் அது தினமும் கிடையாது. அதனால் கோஸிலிருந்து விமானம் என்றால் முந்தின நாளே கோஸ் திரும்பிவிடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எரிமலை எல்லாம் வேண்டாம், நீளமான கடற்கரை, ஆளில்லாத நடைபாதை, அவ்வளவுதான் என்று தோன்றினால் உங்கள் தீவு நிசிரோஸ் இல்லை, தெற்கே இருக்கிற டிலோஸ். எரிஸ்டோஸ் கடற்கரை அங்கே இருக்கிறது, வேட்டைக்கு அனுமதி இல்லாததால் பறவைகள் ஏராளம், குள்ள யானைகளின் எலும்பு கிடைத்த ஹர்காடியோ குகையும் இருக்கிறது. இரண்டு தீவையும் ஒரே பயணத்தில் சேர்ப்பதும் நல்ல யோசனைதான். நடுவில் கப்பல் எல்லா நாளும் கிடையாது என்பதால் முதலில் கப்பல் அட்டவணையைப் பாருங்கள், அறையை அப்புறம் போடலாம்.